பிரிட்டிஷ் கால கெஜட் நோட்டீஸை எப்படிப் படிப்பது?

பழுப்பேறிய ஒரு பக்கத்தின் படம் வாட்ஸப்பில் சுற்றி வரும். மேலே அரச முத்திரை, கீழே ஒரு செயலாளரின் கையெழுத்து, நடுவில் சென்னை மாகாணத்தில் கைத்தொழில்களை வளர்க்க அரசு எடுக்கும் நடவடிக்கை பற்றி நான்கு வரி. உடனே ஒருவர், 'பாருங்கள், வெள்ளைக்காரன் நம் தொழிலை வளர்க்கத்தான் பார்த்திருக்கிறான்' என்று எழுதுவார். இன்னொருவர் வேறொரு பக்கத்தைக் கொண்டுவந்து, 'ஒரே உத்தரவில் நம் வணிகத்தை ஒழித்துக்கட்டியது இதுதான்' என்பார். இரண்டு பேரும் ஒரே தவறைத்தான் செய்கிறார்கள். ஒரு தாளை எடுத்து அதையே ஆட்சியின் முழுக் கொள்கையாகப் படித்துவிடுகிறார்கள்.

வணிகம், கப்பல், உள்ளூர்த் தொழில் ஆகிய மூன்றைப் பற்றியும் காலனிய அரசு விட்ட நோட்டீஸ்கள் கணக்கில்லாமல் கிடைக்கின்றன. எல்லாம் ஒரே மாதிரி அச்சில், ஒரே மாதிரி நடையில் இருப்பதால் எல்லாவற்றுக்கும் ஒரே எடை என்று தோன்றிவிடும். ஆனால் சிலவற்றுக்குப் பின்னால் சட்டமும் அபராதமும் இருந்தன, சிலவற்றுக்குப் பின்னால் நல்லெண்ணத்தைத் தவிர எதுவும் இல்லை. எது எந்த வகை என்று பிரித்தறியத் தெரிந்துவிட்டால், இந்த வாட்ஸப் சண்டைகளில் பாதி தானாகவே தீர்ந்துவிடும் என்பது என் எண்ணம்.

## மின்தடை அறிவிப்பில் தொடங்குவோம்

நாளை காலை 9 முதல் மாலை 5 வரை இன்னின்ன தெருக்களில் பராமரிப்புப் பணிக்காக மின்தடை என்று செய்தித்தாளில் வருகிறதல்லவா? அதில் இடம் இருக்கிறது, நேரம் இருக்கிறது, அதிகாரியின் பெயர்கூட இருக்கிறது. ஆனால் துணைமின் நிலையத்தை அந்த இடத்தில் வைக்க முடிவு செய்தது யார், எந்தத் தொழிற்சாலைக்குத் தனி லைன் போகிறது, கட்டணத்தை யார் நிர்ணயிக்கிறார்கள் என்பதெல்லாம் அதில் இருக்காது. அதெல்லாம் வேறு காலத்தில், வேறு அலுவலகத்தில், வேறு தாளில் முடிவானவை. அறிவிப்பு பொய் சொல்லவில்லை, தனக்கு ஒதுக்கிய வேலையை மட்டும் செய்கிறது.

காலனிய நோட்டீஸும் இப்படித்தான், அதுவும் ஒரு சங்கிலியின் கடைசிக் கண்ணி. சங்கிலியின் மறுமுனை சில சமயம் கல்கத்தாவில் இருக்கும், 1911க்குப் பிறகு டெல்லியில் இருக்கும், பல சமயம் லண்டனில் இந்திய விவகாரங்களுக்கான அமைச்சரின் மேசையில் இருக்கும்.

## எல்லாத் தாளும் ஒரே வகை இல்லை

முதலில் சில பெயர்களைப் பழகிக்கொள்வோம். அரசின் அதிகாரப்பூர்வ இதழுக்கு கெஜட் என்று பெயர், இன்று நாம் அரசிதழ் என்கிறோம். சென்னை மாகாணத்துக்கு 'போர்ட் செயின்ட் ஜார்ஜ் கெஜட்' 1832இல் தொடங்கியது. இந்திய அரசுக்கு 1864 முதல் 'கெஜட் ஆஃப் இந்தியா' இருந்தது. இவை போக மாவட்ட கெஜட்களும் வந்தன.

ஒரு சட்டம் கொடுத்த அதிகாரத்தைப் பயன்படுத்தி, எல்லோரையும் கட்டுப்படுத்தும்படி கெஜட்டில் வெளியாவது அறிவிக்கை. அதை மீறினால் தண்டனை உண்டு, சரக்கைப் பறிமுதல் செய்யலாம். அரசு தன் அலுவலர்களுக்கு இடும் கட்டளைதான் அரசாணை, பேச்சு வழக்கில் ஜி.ஓ. அது கலெக்டரைக் கட்டுப்படுத்தும், கடைக்காரரை நேரடியாகக் கட்டுப்படுத்தாது. அப்புறம் பத்திரிகைகளுக்குத் தரும் செய்திக் குறிப்பு இருக்கிறது. அரசு என்ன நினைக்கிறது என்று சொல்வதோடு அதன் வேலை முடிந்துவிடும், சட்ட பலம் சுத்தமாகக் கிடையாது. கூடவே ஏலம், டெண்டர், துறைமுகத்தில் மிதவை இடம் மாறியது போன்ற வழக்கமான விளம்பரங்கள்.

தொழிலை ஊக்குவிப்பது பற்றிப் பரவும் படங்களில் நிறைய இந்த மூன்றாவது வகைதான், அதாவது செய்திக் குறிப்பு. வரி, தடை, துறைமுகம் பற்றியவை பெரும்பாலும் முதல் வகை. இந்த ஒரு வித்தியாசத்தை மட்டும் பிடித்துக்கொண்டால் போதும், மீதி விளக்கம் எல்லாம் இதிலிருந்துதான் வளரும்.

## ஒரு அறிவிக்கையை வரி வரியாக

வழக்கமான சுங்க அறிவிக்கை ஒன்று எப்படி அமைந்திருக்கும் என்று பார்ப்போம். மேலே துறையின் பெயர், எண், இடம், தேதி. இடத்தைக் கவனியுங்கள். கோடை மாதங்களில் சென்னை அரசு உதகமண்டலத்துக்கு ஏறிவிடும், அதனால் அந்த மாதங்களின் தாள்களில் ஊட்டியின் பெயரே அச்சாகியிருக்கும். தூத்துக்குடித் தோணிக்காரரின் பிழைப்பைத் தொடும் ஒரு முடிவு நீலகிரியில் கையெழுத்தாவது அப்போது அன்றாட நடைமுறை.

அடுத்து வருவதுதான் முக்கியமான வரி: இன்ன ஆண்டின் இன்ன சட்டத்தின் இன்ன பிரிவு வழங்கிய அதிகாரத்தின்படி என்று தொடங்கும். அவசரத்தில் எல்லோரும் தாண்டிப் போகும் வரியும் இதுதான். ஆனால் நோட்டீஸின் உயிர் இங்கேதான் இருக்கிறது. கடல் சுங்கச் சட்டம் 1878, பிரிவு 19 என்று இருந்தால், ஒரு பொருளின் ஏற்றுமதியையோ இறக்குமதியையோ தடுக்கும் அதிகாரம் பயன்படுத்தப்படுகிறது என்று பொருள். பிரிவு 22 என்றால் சுங்க மதிப்பு, அதாவது ஒரு பொருள் என்ன விலைக்கு உண்மையில் விற்றாலும் வரிக் கணக்குக்கு அரசே குறித்துவைக்கும் விலை. பிரிவு 23 என்றால் வரி விலக்கு. மூன்றுமே கவர்னர் ஜெனரலின் சபைக்கு, அதாவது இந்திய அரசுக்குத் தரப்பட்ட அதிகாரங்கள், சென்னை கவர்னருக்கு உரியவை கிடையாது. ஆக, வெளிநாட்டுச் சரக்குக்கு வரி போட்டோ குறைத்தோ சென்னையில் ஒரு தொழிலைக் காப்பாற்ற வேண்டும் என்று சென்னை அரசே மனதார விரும்பினாலும், அந்தச் சாவி அதன் கையில் இல்லை.

அதற்குப் பிறகு ஒரு அட்டவணை, கடைசியில் செயலாளரின் பெயர். காரணம் எங்கும் இருக்காது. யார் மனுக் கொடுத்தார்கள், யார் எதிர்த்தார்கள், எந்த வணிகச் சங்கம் கடிதம் எழுதியது என்பதெல்லாம் அரசாணைக் கோப்பில்தான் கிடைக்கும். சென்னை அரசாணைகளின் தொடக்கத்தில் எந்தெந்தக் கடிதங்களைப் படித்தபின் இந்த முடிவு எடுக்கப்பட்டது என்று குறித்திருப்பார்கள். கெஜட் பக்கத்தை மட்டும் படித்துவிட்டு நோக்கம் இதுதான் என்று அடித்துச் சொல்பவர்கள் பாதித் தாளை வைத்துக்கொண்டு பேசுகிறார்கள்.

சரி, இதுவரை வந்ததைச் சேர்த்துக்கொள்வோம். நோட்டீஸ் ஒரு முடிவின் கடைசித் துண்டு. சட்டத்தின் பெயர் அதில் இருந்தால் அதற்குப் பலம் உண்டு, இல்லாவிட்டால் பெரும்பாலும் அது விருப்பம் மட்டும். வணிகத்தைத் திருப்பும் அதிகாரங்கள் மாகாணத்துக்கு மேலே இருந்தன.

## வணிகம்: மூன்றரை சதவீதத்தின் கதை

ஒரு ஆட்சி உள்ளூர்த் தொழிலை நசுக்க வேண்டுமென்றால் தடை உத்தரவு போடும் என்றுதான் நாம் எதிர்பார்க்கிறோம். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் நடந்தது அப்படிப்பட்டதாக இல்லை. மிகச் சாதாரணமாகத் தெரியும் ஒரு விகிதம்தான் வேலையைச் செய்தது.

வெளிநாட்டிலிருந்து வரும் பொருளுக்குத் துறைமுகத்தில் கட்டுவது சுங்கவரி. உள்நாட்டில் உற்பத்தியாகும் பொருளுக்கு உற்பத்தி இடத்திலேயே கட்டுவது கலால் வரி. பொதுவாகச் சுங்கவரி உள்ளூர்க்காரருக்கு ஒரு சிறிய வேலி மாதிரி பயன்படும், அரசு வருமானத்துக்காக மட்டுமே அதைப் போட்டிருந்தாலும்கூட.

இங்கிலாந்தில் மான்செஸ்டரைச் சுற்றியுள்ள பஞ்சாலைப் பகுதி லங்காஷயர். அதன் ஆலை முதலாளிகளுக்கு அந்தச் சிறிய வேலிகூடப் பிடிக்கவில்லை. அவர்களுடைய அழுத்தத்தால் 1879இல் வைஸ்ராய் லிட்டன் தன் சபையின் பெரும்பான்மைக் கருத்தையும் மீறி முரட்டுத் துணி ரகங்கள் மீதான வரியை நீக்கினார். 1882இல் பருத்தித் துணி உட்பட ஏறக்குறைய எல்லா இறக்குமதி வரியும் போனது. பிறகு இந்திய அரசின் கஜானா காலியாகத் தொடங்கியது, ரூபாயின் மதிப்பும் விழுந்தது, வேறு வழியில்லாமல் 1894இல் வரி திரும்பி வந்தது. ஆனால் துணிக்கு வரி வந்தபோது கூடவே இந்திய ஆலைகளின் நயமான நூல் ரகங்களுக்கும் வரி வந்தது. லங்காஷயர் அதிலும் திருப்தி அடையவில்லை. 1896இல் இறுதி வடிவம் பிறந்தது: இறக்குமதித் துணிக்கு 3.5 சதவீதம் சுங்கவரி, இந்திய ஆலைத் துணிக்கு அதே 3.5 சதவீதம் கலால் வரி.

கணக்கைக் கையில் போட்டுப் பார்த்தால் இதன் வேலை புரியும். மான்செஸ்டர் துணி 100 ரூபாய்க்கு வந்திறங்கினால் 3 ரூபாய் 8 அணா (ஒரு ரூபாய்க்கு 16 அணா) வரி. மதுரையிலோ பம்பாயிலோ ஆலையில் நெய்த 100 ரூபாய்த் துணிக்கும் 3 ரூபாய் 8 அணா வரி. வரிக்கு முன் இரண்டுக்கும் விலையில் என்ன வித்தியாசமோ, வரிக்குப் பின்னும் அதே வித்தியாசம்தான். வேலி போட்ட மாதிரியும் ஆயிற்று, அது இல்லாத மாதிரியும் ஆயிற்று. இதில் இன்னொரு கசப்பு உண்டு. அன்றைய இந்திய ஆலைகள் நெய்ததில் பெரும்பகுதி முரட்டுத் துணி, லங்காஷயர் அனுப்பியதோ பெரும்பாலும் நயம் துணி. பல ரகங்களில் நேரடிப் போட்டியே கிடையாது. அந்த இடத்திலும் ஏழை உடுத்தும் துணி மீது வரி உட்கார்ந்ததைத்தான் தேசியவாதிகள் முப்பது வருடம் விடாமல் எதிர்த்தார்கள்.

இங்கே நேர்மையாக ஒன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இந்தக் கலால் ஆலைத் துணிக்கு மட்டும்தான், கைத்தறிக்குக் கிடையாது. 1896 ஏற்பாட்டில் நூலுக்கும் வரி இல்லை. அதாவது சேலத்திலோ காஞ்சிபுரத்திலோ தறி போட்டவருக்கு இந்த ஏற்பாட்டினால் ஒரு சின்ன அனுகூலம்கூட இருந்தது. அதே கைத்தறிக்காரரின் பாட்டன் காலத்தில் சென்னை மாகாணத்தில் மொஹதர்பா என்ற பெயரில் தறிக்கே வரி வாங்கினார்கள் என்பதும் நினைவில் இருக்கட்டும். எந்தத் தொழிலுக்கு, எந்த வருடம் என்று கேட்காமல் உள்ளூர்த் தொழில் என்று மொத்தமாகப் பேசினால் தடம் மாறிவிடும்.

1917இல் போர்ச் செலவுக்காக இறக்குமதி வரி 7.5 சதவீதம் ஆனது, கலால் 3.5 சதவீதத்திலேயே நின்றது. லங்காஷயர் கொதித்தது. அன்றுதான் இந்திய ஆலைகளுக்கு முதன்முறையாக உண்மையான இடைவெளி கிடைத்தது. கலால் வரி 1925 டிசம்பரில் நிறுத்தப்பட்டு 1926இல் முழுதாக நீங்கியது. இந்தக் கதை முழுவதிலும் தொழிலை ஒழிக்கிறோம் என்று ஒரு நோட்டீஸும் கிடையாது, இருப்பதெல்லாம் சதவீதக் கணக்குகள்.

## கப்பல்: தூத்துக்குடியில் நடந்தது

சுதேசிக் கப்பல் கம்பெனியை அரசு உத்தரவு போட்டு மூடியது என்று பலர் நம்புகிறார்கள். அந்தக் கம்பெனி ஒழிந்ததில் அரசுக்குப் பெரும் பங்கு உண்டு, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அது நடந்த வழி வேறு. அதைப் புரிந்துகொள்ளாவிட்டால் அந்த மனிதர்கள் எதை எதிர்த்து நின்றார்கள் என்பதே நமக்குப் பிடிபடாது.

தூத்துக்குடியில் அன்று பெரிய நீராவிக் கப்பல் கரைக்கு வர முடியாது. ஆழம் போதாது. கப்பல் சில மைல் தள்ளி நங்கூரம் போடும், ஆளும் சரக்கும் தோணிகளிலும் சிறு படகுகளிலும் போய்வர வேண்டும். ஒவ்வொரு கப்பலும் புறப்படுவதற்கு முன் துறைமுக அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும், சுங்கச் சோதனை முடிய வேண்டும், கொழும்பு போகும் பயணிகளுக்கு மருத்துவப் பரிசோதனை உண்டு. இவை எல்லாவற்றுக்கும் விதிகள் அச்சில் இருந்தன, அந்த விதிகளில் எந்தக் கம்பெனிக்கும் சலுகை எழுதியிருக்கவில்லை. ஆனால் எந்தக் கப்பலை முதலில் பார்ப்பது, எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்வது என்பதை அதிகாரி தன் விருப்பப்படி முடிவு செய்யலாம். பயணிகள் கப்பல் தொழிலில் நேரம்தான் எல்லாம். இரண்டு மணி நேரம் தாமதமானால் கூட்டம் எதிர்க்கப்பலுக்குப் போய்விடும்.

மறுபக்கத்தில் பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி. அரசாங்கத் தபால் கொண்டுபோகும் ஒப்பந்தங்கள் அதற்கு இருந்தன. தபால் ஒப்பந்தம் என்பது பார்க்கச் சாதுவான விஷயம். ஆனால் கப்பலில் ஆளே ஏறாவிட்டாலும் வரும் வருமானம் அது. கட்டணப் போட்டி வந்தால் நஷ்டத்தைத் தாங்கும் மெத்தையும் அதுதான்.

1906 அக்டோபர் 16இல் வ.உ.சிதம்பரனாரின் முயற்சியால் சுதேசி ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி பதிவானது. மூலதனம் 10 லட்சம் ரூபாய், ஒரு பங்கு 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். முதலில் வாடகைக் கப்பல்தான், பம்பாயின் ஷா கம்பெனியிடமிருந்து. பிரிட்டிஷ் இந்தியா கம்பெனி கொடுத்த நெருக்கடியில் அவர்கள் கப்பலைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். வ.உ.சி. கொழும்பு போய் வேறு கப்பல் பிடித்தார், பிறகு எஸ்.எஸ். காலியா, எஸ்.எஸ். லாவோ என்று கம்பெனிக்குச் சொந்தக் கப்பல்களே வந்தன. எதிர்க் கம்பெனி கட்டணத்தைக் குறைத்துக்கொண்டே போனது. கடைசியில் காசே வாங்காமல் ஏற்றிக்கொண்டு கையில் ஒரு குடையும் கொடுத்தார்கள் என்பது தூத்துக்குடிப் பக்கம் இன்றும் சொல்லப்படும் கதை. சுங்கத்திலும் மருத்துவப் பரிசோதனையிலும் சுதேசிப் பயணிகளுக்குத் தொல்லை என்று புகார்கள் எழுந்தன. 1908 மார்ச் 12இல் வ.உ.சி. கைதானார், ராஜத்துரோக வழக்கில் ஜூலையில் இரட்டை ஆயுள் தண்டனை. தலைவன் சிறையில், கையில் காசு இல்லை, எதிரில் நஷ்டத்தைத் தாங்கக்கூடிய பகைவன். 1911இல் கம்பெனி கலைக்கப்பட்டது.

இந்த வருடங்களின் கெஜட்களைப் புரட்டி 'சுதேசிக் கம்பெனிக்குத் தடை' என்று ஒரு வரியைத் தேடுபவர் ஏமாந்துபோவார். தபால் ஒப்பந்தம், அதிகாரியின் விருப்ப அதிகாரம், குற்றவியல் வழக்கு ஆகிய மூன்றும் தனித்தனி இடத்தில், தனித்தனிப் பெயரில் கிடக்கின்றன. மூன்றையும் ஒன்றாக வைத்துப் பார்த்தால்தான் படம் தெரியும்.

பின்னாட்களில் இது இன்னும் வெளிப்படையாகவே நடந்தது. 1919இல் பம்பாயிலிருந்து எஸ்.எஸ். லாயல்டி கப்பலோடு சிந்தியா என்ற இந்தியக் கப்பல் கம்பெனி கிளம்பியது. இந்தியக் கடலோரப் போக்குவரத்தை இந்தியக் கப்பல்களுக்கே ஒதுக்க வேண்டும் என்று 1928இல் மத்திய சட்டசபையில் எஸ்.என். ஹாஜி ஒரு மசோதா கொண்டுவந்தார், அது சட்டமாகவில்லை. ஆனால் இந்திய இளைஞர்களைக் கப்பல் அதிகாரிகளாகப் பயிற்றுவிக்க 1927இல் டஃப்ரின் பயிற்சிக் கப்பல் வந்தது. பயிற்சிக்கு விண்ணப்பிக்கலாம் என்று விளம்பரம் உண்டு, பயிற்சி முடித்தவன் ஏறி வேலை செய்ய இந்தியக் கப்பல்கள் பெருகுவதற்கான சட்டம் இல்லை. 1935ஆம் ஆண்டின் இந்திய அரசுச் சட்டம், பிரிட்டனில் பதிவான கப்பல்களுக்கு எதிராக இந்தியச் சட்டமன்றங்கள் பாகுபாடு காட்டக் கூடாது என்றே எழுதிவைத்துவிட்டது.

## உள்ளூர்த் தொழில்: ஊக்கம் உண்டு, சாவி இல்லை

இப்போது வாட்ஸப்பில் சுற்றும் அந்த ஊக்குவிப்பு நோட்டீஸ்களுக்கு வருவோம். அவை எல்லாம் வெறும் நடிப்பு என்று ஒதுக்குவதை நான் ஏற்க மாட்டேன். ஆல்ஃபிரட் சாட்டர்டன் என்ற பொறியியல் பேராசிரியர் 1898இல் சென்னைக் கலைப் பள்ளியில் அலுமினியப் பாத்திரத் தொழிலைத் தொடங்கினார். அது லாபத்தில் நடந்தது, 1903இல் தனியார் கம்பெனியிடம் ஒப்படைக்கப்பட்டது. நம் வீட்டு அலுமினியப் பாத்திரங்களின் சென்னைக் கதை அங்கேதான் தொடங்குகிறது. அப்புறம் குரோம் முறையில் தோல் பதனிடுதல், வயல் கிணறுகளுக்கு எண்ணெய் எஞ்சின் பம்பு, சேலத்தில் ஒரு நெசவுச்சாலை என்று அவர் கைவைத்த வேலைகள் பல. எல்லாமே வெற்றி பெறவில்லை. சேலம் நெசவுச்சாலையை நெசவாளர்களே விரும்பவில்லை, 1910இல் அது மூடப்பட்டது. ஆனாலும் அந்த மனிதர் உண்மையாக உழைத்தார்.

1908இல் சென்னை அரசு உதகமண்டலத்தில் ஒரு தொழில் மாநாடு கூட்டி, தொழில்துறைக்கென்றே தனி இலாகா அமைக்கத் தீர்மானித்தது. அந்தச் சமயத்துக் குறிப்புகளைப் படித்தால் மாகாண அரசுக்கு இதில் உண்மையான ஆர்வம் இருந்தது தெரிகிறது. சென்னையிலிருந்த ஐரோப்பிய வணிகர்கள், அரசு பணத்தில் ஆலை நடத்துவது தனியார் தொழிலில் தலையிடுவது என்று எதிர்த்தார்கள். 1910 ஜூலையில் லண்டனிலிருந்து இந்திய விவகாரங்களுக்கான அமைச்சர் மார்லியின் கடிதம் வந்தது. தொழில் கற்றுக்கொடுக்கலாம், புது முறைகளைப் பற்றித் தகவல் தரலாம், அரசு செலவில் வணிக முறையில் தொழிற்சாலை நடத்தக் கூடாது என்பது அதன் சாரம். இலாகா கலைந்தது, குரோம் தோல் ஆலை கைமாறியது. 1914இல்தான் தொழில் இலாகா மீண்டும் வந்தது.

ஒரே மாகாணம், இரண்டே வருட இடைவெளி, எதிர்த் திசையில் இரண்டு ஆவணங்கள். 1908 தாளை மட்டும் பகிர்ந்தால் பிரிட்டிஷ் அரசு கொடை வள்ளல், 1910 தாளை மட்டும் பகிர்ந்தால் அது தொழிலின் எதிரி. முதலாவதை எழுதியது சென்னை, இரண்டாவதை எழுதியது லண்டன்.

முதல் உலகப் போரில் கப்பல் வரத்துக் குறைந்து, தேவையான சாமான்கள் கிடைக்காமல் போனபோதுதான் மேலிடத்துக்கும் உறைத்தது. 1916இல் தாமஸ் ஹாலண்ட் தலைமையில் தொழில் கமிஷன் அமைந்தது. 1918இல் அது அறிக்கை தந்தது, அதன் உறுப்பினரான மதன் மோகன் மாளவியா நீண்ட மாற்றுக் குறிப்பு எழுதினார். 1919ஆம் ஆண்டின் இந்திய அரசுச் சட்டப்படி தொழில் வளர்ச்சி மாகாண மந்திரிகளிடம் வந்தது. சுங்கவரி, கப்பல் போக்குவரத்து, பெரும் துறைமுகங்கள், ரயில்வே எல்லாம் மத்திய அரசிடமே நின்றன. பொறுப்பு ஒருவருக்கு, கருவி இன்னொருவருக்கு என்று பிரித்துவிட்டார்கள். சென்னை 1922இல் தொழில்களுக்கு அரசு உதவிச் சட்டம் போட்டது. கடன் கேட்டு விண்ணப்பிக்கலாம் என்று நோட்டீஸ்கள் வந்தன. ஆனால் கடன் வேண்டுமென்றால் ஈடாகக் காட்டச் சொத்து வேண்டும். ஒரு சிறு பட்டறைக்காரரிடம் அது எங்கே இருக்கும்?

அரசு கொள்முதல் என்ற இன்னொரு பக்கமும் உண்டு, என்னைக் கேட்டால் அதுதான் மிக முக்கியமானது. அரசாங்கம்தான் நாட்டிலேயே பெரிய வாடிக்கையாளர். தண்டவாளம், இயந்திரம், காகிதம், துணி என்று அது வாங்கியதில் பெரும்பகுதி லண்டனில் இருந்த இந்தியா அலுவலகத்தின் சாமான் கொள்முதல் பிரிவு வழியாக வந்தது. இந்தியாவில் செய்த பொருள் தரத்திலும் விலையிலும் ஒத்துவந்தால் இங்கேயே வாங்கலாம் என்று விதி இருந்தது, ஆனால் ஒரு அதிகாரிக்கு லண்டனுக்குப் பட்டியல் அனுப்புவதுதான் ஆபத்தில்லாத வழி. தென்னிந்திய ரயில்வேயின் நிர்வாகக் குழுவே லண்டனில்தான் இருந்தது. இந்தியச் சாமான் கொள்முதல் இலாகா 1922இல்தான் வந்தது, ரூபாய் விலையில் இந்தியாவிலேயே டெண்டர் என்பது வழக்கமானது 1930களின் தொடக்கத்தில். உள்ளூர்த் தொழிலை ஊக்குவிக்கும் ஒரு குறிப்பைப் பார்த்தால், அதே வருடம் அந்த அரசு தன் சொந்த அலுவலகத்துக்குப் பென்சிலை எங்கே வாங்கியது என்று தேடிப் பாருங்கள். அங்கேதான் பதில் இருக்கும்.

சுருக்கமாகச் சொன்னால், மாகாண அரசு ஊக்கம் தர முடிந்தது, சில சமயம் உண்மையாகவே தந்தது. ஆனால் வரி, கப்பல், கொள்முதல் என்று தொழிலைத் தூக்கி நிறுத்தும் மூன்று கருவிகளும் வேறு கையில் இருந்தன.

## யாரும் நினைக்காமல் வளர்ந்த தொழில்

இதற்கு நேர்மாறான ஒரு உதாரணமும் உண்டு. வருமானத்துக்காக மட்டும் போடுவது வருவாய் வரி, உள்நாட்டுத் தொழிலைக் காப்பதற்கென்றே போடுவது பாதுகாப்பு வரி. 1922இல் பட்ஜெட் பற்றாக்குறையைச் சமாளிக்க, இறக்குமதித் தீப்பெட்டிக்கு இருந்த வரியை ஒரு குரோசுக்கு 12 அணாவிலிருந்து 1 ரூபாய் 8 அணாவாக இந்திய அரசு உயர்த்தியது. குரோசு என்றால் 144 பெட்டி. ஒரு ரூபாய்க்கு 16 அணா, ஒரு அணாவுக்கு 12 பை. கணக்குப் போட்டால் பெட்டிக்கு 1 பையாக இருந்தது 2 பை ஆனது. இதைப் போட்டது வருவாய் வரியாகத்தான், தீப்பெட்டித் தொழிலை வளர்ப்பது அப்போது நோக்கமாக இல்லை.

ஆனால் பெட்டிக்கு 2 பை வேலி எழும்பியதும் உள்ளே தொழில் முளைத்தது. சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தொழிலைக் கற்று வந்து, 1923இல் தங்கள் ஊரில் தொடங்கினார்கள். மழை குறைந்த வறண்ட ஊர், வேலை தேடும் கைகள், கூடவே அந்த 2 பை. ஊக்குவிப்பு நோட்டீஸ் ஒன்றுகூட இல்லாமல் ஒரு ஊரின் தலையெழுத்தே மாறியது. அதே வேலி ஸ்வீடன் தீப்பெட்டிக் கம்பெனியையும் உள்ளே இழுத்தது. வெளியிலிருந்து அனுப்பினால்தானே வரி என்று அவர்கள் இந்தியாவிலேயே விம்கோ என்ற பெயரில் ஆலை கட்டினார்கள். திருவொற்றியூரில் விம்கோ நகர் என்ற பெயர் இருப்பது அதனால்தான். 1928இல் இந்த வரி பாதுகாப்பு வரியாகவே ஏற்கப்பட்டது, 1934இல் தீப்பெட்டிக்குக் கலால் வரியும் வந்து சேர்ந்தது.

பஞ்சாலைகளுக்கும் 1930களில் பெரிய வேலி கிடைத்தது. அந்த அட்டவணையைப் படிக்கும்போது இரண்டு விகிதங்கள் இருப்பதைக் கவனிக்க வேண்டும்: பிரிட்டிஷ் துணிக்கு ஒன்று, மற்ற நாட்டுத் துணிக்கு இன்னொன்று. 1933இல் மற்ற நாட்டுத் துணி மீதான வரி 75 சதவீதம் வரை போனது, குறி ஜப்பான். பிரிட்டிஷ் துணிக்கு 25 சதவீதம்தான். கோயம்புத்தூர் ஆலைகளுக்கு இந்த வேலியும், 1932இல் நீலகிரியின் பைக்காரா நீர்மின் நிலையத்திலிருந்து வந்த மின்சாரமும் சேர்ந்து கைகொடுத்தன. ஒரே அறிவிக்கை இந்தியத் தொழிலைக் காத்தது, கூடவே இந்தியச் சந்தையில் லங்காஷயருக்கு ஒரு தனி வாசலையும் திறந்துவைத்தது. இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

## அடுத்த முறை ஒரு நோட்டீஸ் கண்ணில் பட்டால்

முதலில் சட்டத்தின் பெயரும் பிரிவு எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அந்தப் பிரிவைத் தேடிப் படியுங்கள், பழைய இந்தியச் சட்டங்கள் பல இணையத்தில் கிடைக்கின்றன. இல்லாவிட்டால் அது செய்திக் குறிப்பா விளம்பரமா என்று முடிவு செய்துகொள்ளுங்கள். கையெழுத்து மாகாணச் செயலாளருடையதா, இந்திய அரசின் செயலாளருடையதா என்பது அடுத்தது. அப்புறம் பணம்: இந்த நோட்டீஸால் யாருக்குச் செலவு, யாருக்கு வரவு? அதற்கடுத்து தேதி. அதே விஷயத்தில் அதற்கு முந்தைய, பிந்தைய இரண்டு வருடத் தாள்களையும் பார்க்காமல் ஒன்றும் சொல்லாதீர்கள்.

காரணம் தெரிய வேண்டுமென்றால் எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்துக்குத்தான் போக வேண்டும். சென்னை மாகாணத்தின் அரசாணைகள் துறைவாரியாக, ஆண்டுவாரியாக அங்கே இருக்கின்றன. கையில் இருக்கும் நோட்டீஸின் துறையும் எண்ணும் தேதியும் தெரிந்தால், அதற்குப் பின்னால் இருக்கும் அரசாணையைத் தேடலாம். அந்தக் கோப்புகளில்தான் வணிகச் சங்கத்தின் எதிர்ப்புக் கடிதம், கலெக்டரின் குறிப்பு, சில சமயம் நம் ஊர்க்காரர் ஒருவர் கொடுத்த மனு எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகத் தைத்துக் கிடக்கும். எண் வெட்டப்பட்ட படமாக இருந்தால், பகிர்ந்தவரிடம் முழுப் பக்கத்தைக் கேளுங்கள்.